டிக்கி வெச்ச வண்டி

வா மாப்ளே, உக்காரு. அந்தப் பக்கம் வேண்டாம், கோழி படுத்திருந்த எடம். காருல போகப்போறவன் பேண்ட்டு அழுக்கானா என்ற அக்கா என்னையத்தான் பேசுவா.

உன்ற அம்மா காத்தாலயே போன் பண்ணிட்டா. "பையன் ஒரு கார் பாத்துட்டு வந்திருக்கறான்டா. டிக்கி வெச்ச வண்டியாமா, 2009 மாடலு, 1,70,000 சொல்றாங்களாமா. நீ ஒரு ரோசனை சொல்லு"ன்னா. வாங்கச் சொல்றதா, வேண்டாங்கறதான்னு கேட்டேன். "அவன் அட்வான்ஸ் 5,000 குடுத்துட்டான், நீ செரின்னு சொல்லிரு"ன்னு போனை வெச்சுட்டா. நல்லா ரோசனை கேக்கறீங்க போ. மண்டபத்துக்கு முன்பணம் கட்டிப்போட்டு ஜாதகத்தைத் தூக்கிட்டு வர்றாட்ட.

செரி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. மூணே பேரு இருக்கற ஊட்டுக்கு டிக்கி எதுக்கு? தேங்கா போடவா? அதுக்கு டெம்போ இருக்குது. தவுட்டு மூட்டை போடவா? அதை உன்ற அப்பன் இன்னும் எக்ஸெல்லுல முன்னால வெச்சுத்தான் கொண்டாறாரு. பொண்ணு பாக்கப் போறப்ப வாசல்ல டிக்கி வெச்ச வண்டி நின்னா, ஒறம்பரை நாலு பேரு எட்டிப் பாப்பாங்க. அதுக்குத்தானே? சொல்லு, இதுல என்ன வெக்கம். நானும் பொண்ணு பாக்கப் போறப்ப இரவல் கைக்கடியாரம் கட்டிட்டுப் போனவன்தான். அது ஓடாத கடியாரம். போன எடத்துல பொண்ணு மணி கேட்டுப்போடுச்சு. கேட்டவ உள்ளதான் உக்காந்து வெங்காயம் தொலிச்சுட்டு இருக்கறா, வேணும்னா போய்க் கேட்டுப் பாரு.

சிரிக்காதே, விசயத்துக்கு வர்றேன். வண்டி பழசாகும் மாப்ளே, ஸ்பேரு பழசாகாது. நீ பாத்துட்டு வந்தது அன்னிக்கு எட்டு ஒம்போது லட்சம் போட்டு ஒருத்தன் எடுத்த வண்டி. இன்னிக்கு 1,70,000-க்கு வந்து நிக்குது. ஆனா ஹெட்லைட் உடைஞ்சுதுன்னு வெய்யி, கடைக்காரன் 1,70,000 ரூவா வண்டியோட லைட்டுன்னு வெலை போடமாட்டான். ஒம்போது லட்சத்து வண்டி லைட்டுன்னுதான் போடுவான். மாடு கெழடானா சந்தையில வெலை எறங்குது, தீனி எறங்குதா? அதே படி தவுடு, அதே புண்ணாக்கு. ஆல்டோ வெலைக்குப் பெரிய வண்டி கிடைக்குதுன்னு ஒருத்தன் சொன்னா, மிச்ச வெலை எங்க ஒளிஞ்சிருக்குதுன்னு பானட்டைத் தூக்கித்தான் பாக்கணும்.

நீ எப்பப் போய்ப் பாத்தே? மத்தியானம் மூணு மணிக்கா? போனப்ப வண்டி கழுவி, ஏசி போட்டு, தயாரா ஓடிட்டு இருந்துச்சா? அடேங்கப்பா, என்ன மரியாதை! உனக்கு ஏசி காத்து வரட்டும்னு ஓட்டி வெக்கலை சாமி. என்ஜின் சூடாகட்டும்னு ஓட்டி வெச்சிருக்கறான். பழைய வண்டியோட வண்டவாளமெல்லாம் காத்தால மொத ஸ்டார்ட்டுலதான் வெளிய வரும். ராத்திரி பூரா நின்னு குளுந்துபோன என்ஜினு. பானட்டு மேல கையை வெச்சுப் பாத்து, ஜில்லுன்னு இருந்தாத்தான் சாவியே போடச் சொல்லோணும். போட்டதும் பொறவால போய் நில்லு. சைலன்சர்ல நீலமாப் பொகை வந்தா ஆயில் எரியுது. பிஸ்டன் ரிங்கோ, வால்வு சீலோ தேஞ்சுபோச்சுன்னு அர்த்தம். வெள்ளைப் பொகை ரெண்டு நிமிசத்துல நின்னா அது பனி, விட்டுரு. நிக்காம வந்துட்டே இருந்தா ரேடியேட்டர் தண்ணி உள்ள போய் எரியுது. பெட்ரோல் வண்டியில கருப்பா வந்தா பெட்ரோலை வேண்டாததுக்குக் குடிக்குது.

அப்புறம் ஆயில் ஊத்தற மூடியைத் தொறந்து திருப்பிப் பாரு. மூடிக்கு அடியில மோர்ல எடுத்த வெண்ணெயாட்டக் கொழகொழன்னு வெள்ளையா ஒட்டியிருந்தா, ஆயிலும் தண்ணியும் ஒண்ணு சேந்துருச்சு. ஹெட் கேஸ்கெட் போன வண்டி. மூடியை வெச்சுப்போட்டு, "அண்ணா, ஊட்டுல கேட்டுப்போட்டு வர்றனுங்"ன்னு மரியாதையாக் கெளம்பிரு.

மீட்டர் என்ன காட்டுச்சு? 62,000-மா? 16 வருசத்துல 62,000. ஓட்டுனது பள்ளிக்கூட டீச்சரு, ஊட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டுந்தான் போனாங்கன்னு சொன்னானா? இந்த நாட்டுல விக்கற பழைய காரெல்லாம் ஒண்ணு டீச்சரு ஓட்டுனது, இல்லீன்னா டாக்டரு ஓட்டுனது. வேற ஆருமே கார் வெச்சிருக்கலை பாரு. மீட்டரைத் திருப்பறதுக்கு இப்ப ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம், லேப்டாப்பைச் சொருகுனாப் போதும். ஆனா பெடல் ரப்பரைத் திருப்ப முடியாது. கிளட்ச் பெடல்ல வரியெல்லாம் தேஞ்சு மொழுமொழுன்னு இருக்குதா, டிரைவர் சீட்டோட கதவுப் பக்கத்து ஓரம் பிஞ்சிருக்குதா, ஸ்டியரிங்கு ஒரு பக்கம் மட்டும் பளபளங்குதா, பாரு. 62,000-ல அது ஆகாது. லட்சத்து அறுபதாயிரத்துல ஆகும்.

பொள்ளாச்சிச் சந்தைக்கு எங்கப்பன் என்னையக் கூட்டிட்டுப் போறப்ப எனக்குப் பத்து வயசு. துண்டுக்குள்ள கையை உட்டு வெரலைப் புடிச்சுத்தான் வெலை பேசுவாங்க, பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியாது. கெழட்டு மாட்டுக்குக் கொம்பைச் சீவி எண்ணெய் தடவி, வயிறு முட்டத் தண்ணி காட்டி ஓட்டிட்டு வருவாங்க. எங்கப்பன் கொம்பையும் வயித்தையும் ஏறெடுத்துப் பாக்கமாட்டாரு, நேரா வாயைப் பொளந்து பல்லைப் புடிச்சுப் பாப்பாரு. காருக்குப் பல்லு டயருதான். டயர் பக்கவாட்டுல நீளமா ஒரு நம்பர் ஓடும், கடைசி நாலு எழுத்தைப் பாரு. 2318-ன்னு இருந்தா 2018-ம் வருசம் 23-வது வாரம் செஞ்ச டயரு. பட்டன் நெறைய இருக்கும், பாலீஷ் போட்டுக் கருகருன்னு வெச்சிருப்பான். இருந்தாலும் அஞ்சாறு வருசம் தாண்டுனா ரப்பர் காஞ்சு கட்டையாயிருக்கும், மழையில பிரேக் புடிச்சா சொன்ன எடத்துல நிக்காது. நாலு டயரு மாத்தோணும்னா பதினாறு பதினேழு ஆயிரத்தை மொதல்லயே வெலையில கழிச்சுப் பேசோணும். நீ எங்க பேசுனே, கண்ணாடி போட்ட பிள்ளை வந்து குளுகுளுன்னு ரோஸ்மில்க் குடுத்ததும் 5,000-ஐ எடுத்து நீட்டிட்டே.

இன்னொண்ணு. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாத்தியா? பாத்திருக்கமாட்டே. மெட்ராசுல 2015 டிசம்பர்ல வெள்ளம் வந்துச்சே, பொறவு 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல். அன்னிக்கு முழுகுன காரெல்லாம் எங்க போச்சுன்னு நெனைக்கறே? கடலுக்கா? இன்சூரன்ஸ்காரங்க கழிச்சுக் கட்டி ஏலத்துல போனதுல பாதி, கழுவிக் காய வெச்சு, வாசனை அடிச்சு, தண்ணி பாக்காத ஊராப் பாத்து மேக்கால வந்து சேந்துருச்சு. விக்கறவன் சீட்டைக் கழுவுவான், மேட்டை மாத்துவான். பெல்ட்டு உள்ள சுருண்டிருக்கறதை மறந்துருவான். முழுசா இழுத்தா கடைசி ஒரு சாண்ல சேத்துக் கோடு தெரியும். சீட்டுக்கு அடியில கையை உட்டு போல்ட்டைத் தடவு, துருப்புடிச்சு நெறநெறன்னா அது நீந்தி வந்த வண்டி. அதுல மாசத்துக்கு ஒரு ஒயரு செத்துட்டே இருக்கும், எந்த எலக்ட்ரீசியனாலயும் பாத்து முடிக்க முடியாது.

இதெல்லாம் எனக்கு எப்புடித் தெரியும்னு பாக்கறியா? அந்த அலமாரியில காலண்டர் அட்டை போட்ட நோட்டு இருக்குது, எடு. ஆமா, பால் கணக்கு நோட்டுதான். பின்னால இருந்து திருப்பு.

2018-ல நானும் ஒண்ணு வாங்குனனல்ல, 1,40,000-க்கு. கம்பெனி பேரு சொல்லமாட்டேன். அவன் வண்டியைப் புதுசா ஒழுங்காத்தான் செஞ்சு குடுத்தான், பத்து வருசம் கழிச்சு வாங்கிப்போட்டு அவனைப் பேசறது ஞாயமில்லை. படி, சத்தமாப் படி. மொத மாசம் பேட்டரி 4,200. அதே மாசம் டயரு நாலு, 17,600. கிளட்ச் செட்டு கூலியோட 8,500. செல்ஃப் மோட்டார் 2,800. நிறுத்து, நிறுத்து. கிளட்ச்சு போனது வாங்கறப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கோணும். சமதளத்துல ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, மூணாவது கியர்ல வெச்சு, கிளட்ச்சை மெல்ல உட்டா என்ஜின் டொக்குன்னு நின்னுரோணும். நிக்காம உறுமிட்டே இருந்தா பிளேட் தேஞ்சுபோச்சு. அரை நிமிச வேலை. அதைப் பாக்காம நான் என்ன பண்ணுனேன்? நாலு டயருக்கு நாலு எலுமிச்சம்பழம் வாங்கிட்டுப் போனேன். வெய்யக் காலத்துல பழம் என்ன வெலை தெரியுமா?

அடுத்தது படி. ரேடியேட்டர் 5,200. ஃபேன் மோட்டார் 2,100. ஹெட் கேஸ்கெட், லேத் வேலை எல்லாம் சேத்து 19,000. இதுதான் வால்பாறைக் கதை. உன்ற அத்தை ரொம்ப நாளாக் கேட்டுட்டு இருந்தா. ஆழியாறு தாண்டி மலையேறுனோம். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு. ஒம்போதாவது வளைவுல டெம்பரேச்சர் முள்ளு மேல போயிருச்சு. நானு முள்ளைப் பாக்கலை, கொரங்கைப் பாத்துட்டு இருந்தேன். "ஏனுங்க, காருக்குள்ள இட்லி வேகறாட்டப் பொகை வருது"ங்கறா. நிறுத்தி எறங்கி, துண்டைச் சுத்தி ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன். பின்னால வந்த லாரிக்காரத் தம்பி ஓடியாந்து கையைப் புடிச்சு இழுத்தான், "பெரியவரே, மொகம் வெந்துரும்"ன்னு. முக்கா மணி நேரம் ஆறவெச்சுத்தான் தொறந்தான். உள்ள எட்டிப் பாத்தா, நம்ம ஊட்டு வெந்நித் தவலையில அடியில வெள்ளையாப் படிஞ்சிருக்குமே, அதேதான். எனக்கு முன்னால வெச்சிருந்த புண்ணியவான் கூலன்ட்டுக்குக் காசு குடுக்க மனசில்லாம பத்து வருசம் போர்த் தண்ணியை ஊத்தியிருக்கறான். நம்ம போர்த் தண்ணி ஆளே குடிக்க முடியாத உப்பு. அந்த உப்பு ரேடியேட்டரை அடைச்சுது, அடைச்சதுல என்ஜின் காஞ்சுது, காஞ்சதுல ஹெட்டு வளைஞ்சுது, கேஸ்கெட் போச்சு. ஒரு லிட்டர் கூலன்ட் முந்நூறு நானூறு ரூவா. அதை மிச்சம் புடிச்சவன் ஒருத்தன், 19,000 கட்டுனவன் இன்னொருத்தன். ஆறுன என்ஜின்ல மூடியைத் தொறந்து, உள்ள இருக்கறது பச்சையாவோ செவப்பாவோ சுத்தமா இருக்குதா, துருத் தண்ணியாட்ட இருக்குதான்னு பாக்கறதுக்குக் காசு கேக்கமாட்டாங்க. வால்பாறை போனமான்னு கேக்கறியா? அத்தை இன்னும் கேட்டுட்டுத்தான் இருக்கறா.

ஏசிக்கு வா. கூலிங் காயில் 9,300-ன்னு எழுதியிருக்கும். காயில் வெலை அதுல பாதிகூட இல்லை. அது டேஷ்போர்டுக்கு உள்ளார குந்தியிருக்குது, முச்சூடும் கழட்டோணும், ஒரு நாள் கூலி, பொறவு கேஸ். கழட்டி மாட்டுனதுல இருந்து டேஷ்போர்டு கடகடங்குது. எட்டு ஸ்க்ரூ மிஞ்சிப்போச்சுன்னு மெக்கானிக் என்ற கையிலயே குடுத்தான், நல்ல மனுசன். மறு வருசம் கம்ப்ரசர் 14,000. பழைய வண்டி பாக்கப் போனா ஏசியைப் போட்டு ரெண்டு நிமிசத்துல நல்லாருக்குதுன்னு சொல்லிராதே. உச்சி வெயில்ல, வண்டி நின்ன எடத்துலயே, கால் மணி நேரம் ஓட்டிப் பாரு. தேஞ்ச கம்ப்ரசர் அப்பத்தான் அழும்.

சஸ்பென்சன் 16,400. இது நம்ம தடத்துக்குக் கட்டுன வரி. டிக்கி வெச்ச வண்டியெல்லாம் தார் ரோட்டுக்குன்னு தாழ்வாச் செஞ்சது. நம்ம தோட்டத்துக்கு வரோணும்னா அரை மைல் இட்டேரி, நடுவுல மேடு, ரெண்டு பக்கமும் டிராக்டர் ஓடுன பள்ளம். லோயர் ஆர்ம், லிங்க் ராடு, புஷ்ஷு, முன்னால ஷாக் அப்சர்பர் ரெண்டு, எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணாப் போச்சு. ஒவ்வொண்ணும் ரெண்டாயிரம், மூவாயிரம்தான். ஆனா ஒண்ணு புதுசானா பக்கத்துல இருக்கற பழசுக்குப் பொறுக்காது, அதுவும் ஒடைச்சுக்கும். வேகத்தடை மேல காலியா ஒருவாட்டி, நாலு ஆளை ஏத்தி ஒருவாட்டி ஓட்டிப் பாத்துக் காதைக் குடு. கொடகொடன்னா புஷ்ஷு. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு மெதுவாச் சுத்தறப்ப டக் டக்குன்னா ஆக்சில் ஜாயின்ட். டேப்பை அணைச்சுப்போட்டு ஓட்டோணும் மாப்ளே. விக்கறவன் எதுக்கு இளையராஜா பாட்டைப் போட்டுட்டே வண்டியை எடுப்பான்னு நெனைக்கறே?

மொத்தம் எவ்வளவு ஆச்சுன்னு கூட்டு. 99,100. லட்சத்துக்கு 900 கம்மி. இதுல ஆயில் சர்வீஸ், இன்சூரன்ஸ் எதுவும் இல்லை. அந்த 900-க்கும் எலிக்குப் பொயலை வாங்கி பானட்டுல கட்டித் தொங்க உட்டாச்சு. ஒயரைக் கடிச்சுப்போடுதல்ல. இப்ப எலி வர்றதில்லை, என்ற பொயலைதான் தோட்டத்து ஆளுக எடுத்துப் போட்டுக்கறாங்க.

எந்த வண்டி வாங்கறதுன்னு கேட்டா, பேரைச் சொல்லி நான் ஆருகிட்டயும் பொல்லாப்பு வாங்கிக்கமாட்டேன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கொணம் உண்டு, அதைத் தெரிஞ்சுட்டு வாங்கு. ஹூண்டாய் ஆக்சென்ட்டு, நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில செஞ்சது. அதோட பெட்ரோல் என்ஜினுக்கு டைமிங் பெல்ட்டு. ரப்பர் பெல்ட்டு வெளிய தெரியாது, சத்தமும் போடாது. காலத்துக்கு மாத்தாம உட்டா ஒரு நாள் ஓடிட்டு இருக்கறப்பவே அறுந்துபோகும். பெல்ட்டு வெச்ச பெரும்பாலான என்ஜின்ல அறுந்தா வால்வு பிஸ்டன்ல போய் முட்டி வளைஞ்சுரும். பெல்ட்டு மாத்துனா ஆயிரத்துல முடியறது, அறுந்தா பல ஆயிரத்துல போய் நிக்கும். அதனால பெல்ட்டு வண்டின்னா எப்ப மாத்துனே, பில்லு எங்கேன்னு கேளு. "இப்பத்தான் மாத்துனோம்"னு வாய்ல சொன்னா மாத்தலைன்னு எழுதிக்கோ.

ஹோண்டா சிட்டியில 2003-ல வந்த ஐ-டிஎஸ்ஐ, சங்கிலி போட்ட என்ஜின், அந்தக் கவலை இல்லை. ஆனா நாலு சிலிண்டருக்கு எட்டு பிளக்கு. முன்னால நாலு கைக்கு எட்டும், பின்னால நாலு கண்ணாடிக்கு அடியில ஒளிஞ்சிருக்கும், மேல மூடியிருக்கற தகட்டைக் கழட்டிக் கையை உடோணும். முன்னால நாலை மாத்திப்போட்டு எட்டுக்கும் காசு வாங்கற மகராசனுக உண்டு. பழைய பிளக்கு எட்டையும் கையில வாங்கி எண்ணிப் பாத்துட்டுக் காசு குடு.

டீசல்னா அந்த 1,248 சிசி ஃபியட் என்ஜினு. மாருதி டிசையர்ல அதுதான், டாடா மான்சாவுல அதுதான், ஃபியட் லீனியாவுலயும் அதுதான். மூணு ஊட்டுக்கும் ஒரே மாப்பிள்ளை. அதனால எந்தப் பட்டிக்காட்டு மெக்கானிக்குக்கும் அதோட நாடி தெரியும், ஸ்பேரு பஞ்சமில்லை. மாருதிக்காரங்க 2020 ஏப்ரலோட டீசலே வேண்டாம்னு கையைக் கழுவிட்டாங்கங்கறது வேற. ஆனா டிசையர்ல பாதி டாக்ஸிக்கு ஓடுன வண்டி. மஞ்சள் போர்டைக் கழட்டி வெள்ளை போர்டு மாட்டியிருப்பான். ஆர்சியோட பழைய சங்கதியைத் தோண்டு. இன்ஜக்டர் ஒண்ணு போனாலும் பத்தாயிரத்தைத் தொடுற வண்டி அது, மொத்தம் நாலு இன்ஜக்டரு.

காகிதத்தையும் பாரு, உனக்கு அது சலிப்பு, தெரியும். 2009 மாடலுக்கு 15 வருசம் 2024-ல முடிஞ்சுபோச்சு. ஆர்சி புதுப்பிச்சிருக்கறானா? இல்லீன்னா 5,000 கட்டணம், தாமதத்துக்கு மாசம் 500, பசுமை வரி, பிரேக் இன்ஸ்பெக்டருக்குக் காட்டறதுக்கு முன்னால பெயிண்ட்டு, டிங்கரிங்கு, எல்லாம் உன்ற தலையில. 20 வருசம் தாண்டுனா அந்தக் கட்டணம் 10,000-ன்னு 2025-ல ஆக்கிப்போட்டாங்க. லோன்ல எடுத்த வண்டின்னா பேங்க்குல என்ஓசி வாங்கி ஆர்சியில பேரை எடுத்திருக்கோணும். சும்மா 29-ம் ஃபாரம், 30-ம் ஃபாரத்துல கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வந்து பீரோவுல வெச்சராதே. இன்சூரன்சை 14 நாளுக்குள்ள உன்ற பேருக்கு மாத்தச் சொல்லோணும். இன்சூரன்சுல இன்னொரு கூத்து. 2022-ல போட்ட கணக்குல, 1,000 சிசிக்கு மேல 1,500 சிசி வரைக்கும் மூணாம் பார்ட்டி பிரீமியம் 3,416. அதைத் தாண்டுனா 7,897. சிட்டி 1,497 சிசி. மாருதி எஸ்எக்ஸ்4 பெட்ரோல் 1,586 சிசி. பாத்தா ரெண்டும் ஒரே சைசு, வருசா வருசம் ரெண்டு மடங்குக்கு மேல வித்தியாசம். எண்பத்தொம்போது சிசிக்கு இவ்வளவான்னு கேட்டா, ஆர்கிட்டப் போய்க் கேக்கறது.

இப்பப் பெட்ரோல்லயும் நூத்துக்கு 20 பங்கு எத்தனாலு. 2023-க்கு முந்தி வந்த வண்டிகளோட ரப்பர் ஓஸு, கேஸ்கெட்டெல்லாம் அதுக்குன்னு செஞ்சதில்லை, சிலதை மாத்த வேண்டி வரலாம், மைலேஜும் சித்தெக் கொறையும்னு கவர்மென்ட்டே சொல்லுது. கரும்புலயும் மக்காச்சோளத்துலயும் எடுக்கற சரக்கு அது. நாம வெட்டி அனுப்பற கரும்பு ஆலைக்குப் போயி, நம்ம வண்டி ரப்பரைத் திங்கறதுக்கே திரும்பி வருது. கரும்புக்கு நிலுவைப் பணம்தான் இன்னும் வந்து சேரலை.

மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போனியான்னு நான் கேக்கவே இல்லை பாரு. ஆயிரம் ரூவாயும் ஒரு பிரியாணியும் குடுத்தா அரை நாள் கூட வருவான். ஆனா உன்ற மெக்கானிக்கா இருக்கோணும். விக்கறவன், "நம்ம பையன் ஒருத்தன் இருக்கறான், கை சுத்தம்"னு காட்டற மெக்கானிக்கைக் கண்டா எட்ட நில்லு. மூணு மாசமா அந்த வண்டிக்குப் பாலீஷ் போட்டவனே அவன்தான்.

மொகத்தை ஏன் தொங்கப் போட்டுட்டே? அட்வான்ஸ் 5,000 போனாப் போகட்டும் மாப்ளே. 1,70,000 போறதுக்கு 5,000 போறது எவ்வளவோ தேவலை. உனக்கு டிக்கி வெச்ச வண்டிதான் வேணும்னு மனசு கெடந்து அடிச்சுக்குதுன்னா, மாமன் ஒண்ணு சொல்லட்டுமா? உக்காரு, எந்திரிக்காதே, காப்பி வருது.

மாட்டுக் கொட்டாயிக்குப் பக்கத்துல தார்ப்பாயி போட்டு நிக்குது பாரு, நம்ம வண்டி. எனக்கு விக்கற யோசனையே இல்லை. போன வாரங்கூட ஒருத்தன் உடுமலையில இருந்து வந்து கேட்டான், குடுக்கமாட்டேன்னுட்டேன். ஆனா வெளியாளு கையில போறதுக்கு நம்ம பையன் கையில இருந்தா கண்ணுல பாத்துட்டாவது இருக்கலாம். நோட்டை நீயேதான் படிச்சே. கிளட்ச்சு புதுசு, கம்ப்ரசர் புதுசு, ஹெட் கேஸ்கெட் புதுசு, டயரு நாலும் நானே கையால புதுசா வாங்கிப் போட்டது. எஃப்சி 2028 வரைக்கும் இருக்குது. இனி அதுல மாத்தறதுக்கு ஒண்ணுமே மிச்சமில்லை, மாத்தாதது ஓனர் ஒருத்தன்தான். உனக்குங்கறதால 1,65,000. அவன் சொன்னதை விட 5,000 கம்மி, உன்ற அட்வான்ஸ் போனதுக்குச் செரியாப்போச்சு.

மெக்கானிக்கா? அதுக்கு எதுக்கு வெளியாளைக் கூட்டிட்டு வந்து பிரியாணிக் காசு செலவு பண்றே, நம்ம பையனே ஒருத்தன் இருக்கறான், கை சுத்தம். நாளைக்கு வர்றதுன்னா பத்து மணிக்கு மேல வா. காத்தால வேண்டாம். வண்டி சித்தெ சூடாகட்டும்.